செத்தவன் பெயரில் ஒரு லாகின்

மூன்று பிணங்கள்.

மூன்றாவது பிணம்தான் குற்றவாளி என்றது கம்பெனி ரிப்போர்ட்.

அந்த மூன்றாவது பிணத்தின் பெயர் சீனு. வயது இருபத்து நாலு. மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் திரிநேத்ரா சால்வென்ட்ஸ் என்ற கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் ஆபரேட்டர்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி எட்டு நிமிடத்துக்கு அங்கே ரியாக்டர் வெடித்தது. ரசாயனம் கொதிக்கிற ராட்சச இரும்பு அண்டா அது. சூடு நூற்றெண்பது டிகிரியைத் தாண்டினால் அலாரம் அலற வேண்டும், அண்டா தானாக அணைய வேண்டும்.

அன்றைக்கு அலறவில்லை. அணையவில்லை.

ஏன்?

கம்ப்யூட்டர் ரெக்கார்ட் பதில் சொன்னது. 'காலை 9.40. அலாரம் அளவு 180-லிருந்து 240-ஆக மாற்றப்பட்டது. மாற்றியவர்: சீனு.'

தீர்ந்தது கதை. செத்தவன் எழுந்து வந்து மறுக்கப் போகிறானா என்ன!

மறுக்க வந்தது அவனுடைய அக்கா.

பூங்குழலி. பெங்களூரில் டேட்டாபேஸ் வேலை பார்த்தவள். தம்பியின் காரியம் முடிந்த கையோடு அந்த வேலையை உதறினாள். திரிநேத்ராவில் பழைய சர்வரைக் கழித்துவிட்டுப் புது சர்வருக்கு மாற ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும், ஒரு கான்ட்ராக்ட் ஏஜென்சி வழியாக உள்ளே நுழைந்தாள். சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. அவள் யாரென்று இங்கே ஒருவருக்கும் தெரியாது…

அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

காலை பத்தரை. போன் அடித்தது. சொந்த ஊர் கௌதள்ளியிலிருந்து அம்மா பாப்பம்மாள்.

"ஏங்கண்ணு, வேலையா இருக்கியா?"

"சொல்லும்மா."

"கெம்பம்மா வந்துபோட்டுப் போனா."

கெம்பம்மா அதே தெரு. இரண்டாவது பிணம் அவளுடைய புருஷன். அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே சீனுதான்.

"வாசல்ல நின்னுக்கிட்டு மண்ணை வாரித் தூத்துனா கண்ணு. உன்ற மவன் எம்புருசனைக் கொன்னுபோட்டான்னு. ஊரே பாத்துது."

"நீ என்ன சொன்னே?"

"என்னத்தச் சொல்ல? அவ போனதும் மண்ணைக் கூட்டி அள்ளிப் போட்டேன்."

"சீனு போட்டோ எங்கம்மா இருக்கு?"

"உள்ளாற துணிப்பொட்டியில வச்சுப்போட்டேன். செவுத்துல மாட்டுனா வர்றவங்க ஒரு மாதிரி பாக்கறாங்க."

பூங்குழலி போனை வைத்தாள். அழுகை வரவில்லை. அந்தக் கட்டமெல்லாம் தாண்டியாகிவிட்டது. இப்போதெல்லாம் அவளுக்கு வருவது ஒன்றே ஒன்றுதான். கொலைவெறி.

பின்னால் செருப்புச் சத்தம்.

"டேட்டாபேஸ் காப்பி முடிஞ்சுதாம்மா?"

கிருஷ்ணராஜ். ஃபேக்டரியின் ஜெனரல் மேனேஜர். ஐம்பத்திரண்டு வயது, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் மணி மாதிரி குங்குமம். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம் என்று வளர்ந்த மைசூர்க்காரர். பேச்சில் இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்.

"முடிஞ்சுது சார். லாகின்ஸ் மட்டும் பாக்கி."

"டேட்டாபேஸை எடுத்தா லாகினும் கூடவே வந்துடாதா?"

"வராது சார். வீடு மாத்தறப்போ பீரோ, கட்டில் எல்லாத்தையும் லாரியில ஏத்திட்டு, சாவிக்கொத்தைப் பழைய வீட்டு ஆணியிலயே விட்டுட்டு வந்த மாதிரி ஆயிடும். யார் பேரு, யாருக்கு என்ன பாஸ்வேர்ட்னு சர்வர் தனியா ஒரு இடத்துல வச்சிருக்கும். அதைத் தனியா பேக்கப் எடுக்கணும்."

"பேடாம்மா, வேண்டாம். பழைய சாவி யாருக்கு வேணும்? எல்லாருக்கும் புதுசா போட்டுக் குடுத்துடு."

"இருநூத்திப் பதினாலு பேர் சார்."

"இருக்கட்டும். ரெண்டு மணிக்கு ஸ்க்ராப் லாரி வருது. பழைய சர்வர் நசுங்கறதுக்கு நேரா க்ரஷருக்குப் போகுது. நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். புது சர்வர்ல இருந்து அந்த ஆக்சிடென்ட் ரெக்கார்டை எடுத்துக் கையில குடுத்தா, கேஸ் முடிஞ்சுது. ஆய்த்தா?"

"ஆச்சு சார்."

அவர் போனார். செருப்புச் சத்தம் தேய்ந்தது.

பூங்குழலி பழைய சர்வரின் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள். வேண்டாம் என்று அவர் சொன்ன அந்த ஒன்றைத்தான் முதலில் எடுத்தாள்.

லாகினை பேக்கப் எடுத்தால் மூன்று சமாச்சாரம் கிடைக்கும். ஒன்று, பெயர். இரண்டு, யாருக்கும் புரியாதபடி மாவாக அரைத்து வைத்த பாஸ்வேர்ட். மூன்று, ஒரு நீளமான எண். லாகின் பிறக்கும்போது சர்வரே சூட்டுகிற எண் அது. லாகினை அழித்துவிட்டு அதே பெயரில் இன்னொன்றை உண்டாக்கினால் பெயர் பழையதுதான், எண் மட்டும் புதிது.

கடகடவென்று வரிகள் ஓடின. இருநூற்றுப் பதினாலு பெயர்கள்.

'சீனு' என்ற இடத்தில் அவள் விரல் நின்றது.

எண் C3 என்று முடிந்தது. விபத்து ரெக்கார்டைத் திறந்தாள். 9.40-க்கு அலாரத்தை மாற்றிய சீனுவின் எண்ணும் C3.

சரி. பொருந்துகிறது. அப்படியானால் தம்பிதானா?

அப்போதுதான் அவள் கண்ணில் அந்த ஃபோல்டர் பட்டது. முன்பு எப்போதோ வேலை பார்த்த புண்ணியவான் ஒருவன், தினமும் காலை ஆறு மணிக்கு லாகின்களைத் தானாக பேக்கப் எடுத்து வைக்கும்படி செட் பண்ணிவிட்டுப் போயிருக்கிறான். அதை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு வருஷத்து ஃபைல்கள் வரிசையாகக் கிடந்தன.

விபத்து நடந்த செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி. சீனுவின் எண்… 7A.

மறுநாள் புதன்கிழமை, காலை ஆறு மணி. சீனுவின் எண்… C3!

C3 எப்போது பிறந்தது? புதன்கிழமை ஃபைலிலேயே எழுதியிருந்தது. 'உருவாக்கிய நேரம்: செவ்வாய், மாலை 6.40.'

மாலை ஆறு நாற்பதுக்கு சீனு ஆஸ்பத்திரி சவக்கிடங்கில் வெள்ளைத் துணிக்குள் இருந்தான். பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டவள் பூங்குழலி.

காலையில் செத்தவன் பெயரில் மாலையில் ஒரு லாகின் பிறந்திருக்கிறது. பிறந்த கையோடு, காலை 9.40-க்கு அலாரத்தை மாற்றியது நான்தான் என்று ஒப்புக்கொண்டும் இருக்கிறது.

யார் பெற்ற பிள்ளை அது?

* * *

மதியம் பன்னிரண்டு. கேன்டீன்.

சிஸ்டம் அட்மின் பிரசாந்த் சித்ரான்னத்தில் கடலையைத் தனியாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தான். சாமராஜநகர்க்காரன். தமிழைக் கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவான். பூங்குழலி எதிரில் வந்து உட்கார்ந்தாள். செல்போனைத் திருப்பி அவன் முன்னால் வைத்தாள். 7A, C3, 6.40 மூன்றும் திரையில் இருந்தன.

அவன் கடலை பொறுக்குவதை நிறுத்தினான்.

"நீதானே அட்மின்?"

"மேடம்… நான் பண்ணல."

"சீனு லாகினை அழிச்சுட்டுப் புதுசா போட்டது யாரு?"

"இங்க பாஸ்வேர்ட் மறந்துட்டா நாங்க அப்படித்தான் பண்ணுவோம் மேடம். ரீசெட் பண்ணினா ஆபரேட்டருக்கு மெயில் போகணும், சூப்பர்வைசர் கையெழுத்து வேணும், ரெண்டு நாள் ஆகும். அழிச்சுட்டு அதே பேர்ல புதுசா போட்டா ரெண்டு நிமிஷம். கிருஷ்ணராஜ் சார் கூட பாத்திருக்கார்."

"பாத்து கத்துக்கிட்டாரா?"

பிரசாந்த் கேன்டீனைச் சுற்றிப் பார்த்தான். குரலைத் தணித்தான்.

"அன்னைக்குச் சாயந்திரம் எல்லாரையும் வெளியே அனுப்பிட்டார். நான் சார்ஜர் எடுக்க திரும்ப வந்தேன். அவர் என் சீட்ல உக்காந்திருந்தார். தனியா டைப் பண்ணிட்டிருந்தார். எனக்கு அதான் ஆச்சரியம்."

"டைப் பண்றதுல என்ன ஆச்சரியம்?"

"அவர் தன் பேரைக்கூட டைப் பண்ண மாட்டார் மேடம். எந்த சிஸ்டமா இருந்தாலும் பேரை நாங்க அடிச்சுக் குடுக்கணும். பாஸ்வேர்ட் மட்டும் அவர் அடிப்பார், எல்லாத்துக்கும் ஒண்ணுதானாம். அப்ப நாங்க சுவரைப் பாத்துத் திரும்பி நிக்கணும். அது இங்க வழக்கம். அப்படிப்பட்டவர் அன்னைக்குத் தானே உக்காந்து…"

"அலாரத்தை மாத்தினதும் அவர்தானா?"

"எக்ஸ்போர்ட் ஆர்டர் லேட். சூட்டை ஏத்தினா சீக்கிரம் முடியும்னு காலைல போன்ல யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தார். மத்தியானம் நான் பாத்தப்ப அவர் பேர்ல இருந்த ரெக்கார்ட் சாயந்திரம் சீனு பேருக்கு மாறிடுச்சு."

"இதை நீ போலீஸ்ல சொல்லலை."

"எனக்கும் குடும்பம் இருக்கு மேடம்."

"சீனுவுக்கும் இருந்துது. நான்தான் அது."

பிரசாந்த் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரு முகம் தெரிந்திருக்க வேண்டும். தட்டைத் தள்ளிவைத்தான். அப்புறம் அவன் ஒரு பருக்கைகூடச் சாப்பிடவில்லை.

* * *

ஒன்று இருபது. சர்வர் அறை.

பூங்குழலி மூன்று வேலை செய்தாள். பழைய பேக்கப் ஃபைல்களை ஒரு மெயிலில் ஏற்றி அனுப்பினாள். அதையே ஒரு பென் டிரைவிலும் ஏற்றினாள். மூன்றாவது வேலைக்கு நாற்பது விநாடிதான் பிடித்தது. அதை முடித்து என்டர் தட்டிய நேரம் கதவு திறந்தது.

கிருஷ்ணராஜ். அவருக்குப் பின்னால் இரண்டு செக்யூரிட்டி.

"அந்த பென் டிரைவைக் குடும்மா… கௌதள்ளிப் பொண்ணே."

பூங்குழலி பென் டிரைவைக் கைக்குள் மூடிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன பாக்கறே? உன் தம்பி வேலைக்குச் சேர்றப்போ பாரம்ல அக்கா பேரு, அக்கா நம்பர் எல்லாம் எழுதியிருந்தான். உன் ரெஸ்யூமே என் மேஜைக்கு வந்த அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சார் சேர்த்துக்கிட்டீங்க?"

அவர் சிரித்தார். நல்ல பல்வரிசை.

"பழைய சர்வர்ல என் கைரேகை எங்கேயாவது மிச்சம் இருக்கான்னு எனக்குத் தெரியணும். அந்தப் பிரசாந்தை நம்ப முடியாது. வெளி ஆளு வேலை முடிஞ்சா கிளம்பிடுவான். ஆனா செத்தவனோட அக்கா… தோண்டித் தோண்டித் தேடுவா. நீ தேடிக் குடுத்துட்டே. தேங்க்ஸ்மா."

பென் டிரைவைப் பிடுங்கித் தரையில் போட்டார். குதிகாலால் மூன்று மிதி. பிளாஸ்டிக் நொறுங்கியது.

"நீ அனுப்பின மெயில் வெளியே போயிருக்காது. இங்க எல்லா மெயிலும் என் வழியாத்தான் போகும். நோடு, இங்க பாரு, சின்னப் பொண்ணு நீ. நாலு மணி மீட்டிங் முடிஞ்சதும் பேசாம ஊருக்குப் போ. இல்லேன்னா கம்பெனி ரகசியத்தைத் திருடினேன்னு உன்னையும் உள்ளே வைப்பேன். அக்காவும் தம்பி மாதிரிதான்னு ஊர்ல பேசிப்பாங்க."

அவர் செக்யூரிட்டிகளிடம் பழைய சர்வரைக் கழற்றச் சொன்னார். அவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். காலி ரேக்கைத் தடவிப் பார்த்தபடி அவர் மட்டும் உள்ளே நின்றார். முதுகு இந்தப் பக்கம்.

பூங்குழலி கதவுக்கு வெளியே வந்துவிட்டிருந்தாள். அவள் தோளுயரத்தில், சுவரில், கண்ணாடி மூடிக்குள் ஒரு சிவப்புப் பட்டன்.

தீ பிடித்தால் அமுக்குவது. அமுக்கினால் கதவு பூட்டிக்கொள்ளும். அறை முழுக்க வாயு நிரம்பும். தீயும் அணையும், உள்ளே இருக்கிற ஆளும் அணைவான்.

அவள் மூடியைத் திறந்தாள். கட்டைவிரல் பட்டன் மேல்.

ஒரு அமுக்கு. போதும். யாரும் அவளைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். விபத்து என்று ரிப்போர்ட் எழுதுவதில் இந்தக் கம்பெனிக்குத்தான் நல்ல பழக்கம் உண்டே!

விரல் அமுங்கப் போன நேரத்தில் அவளுக்கு ஒன்று தோன்றியது. இவர் செத்தால் ரிசப்ஷனில் படம் மாட்டி மாலை போடுவார்கள். உத்தமர் என்பார்கள். சீனு துணிப்பெட்டிக்குள்ளேயே கிடப்பான், கொலைகாரனாக.

அவள் விரலை எடுத்தாள். மூடியைச் சாத்தினாள். இந்த ஆளுக்கு அவ்வளவு சுலபமான சாவு கிடைக்கக் கூடாது. உயிரோடு இருக்கட்டும். தலை குனிந்து ரொம்ப வருஷம் இருக்கட்டும்.

இரண்டு மணிக்கு ஸ்க்ராப் லாரி வந்தது. மூன்று மணிக்கு க்ரஷரிலிருந்து போட்டோ வந்தது. பழைய சர்வர் அப்பளமாகக் கிடந்தது.

* * *

மாலை நாலு. கான்ஃபரன்ஸ் அறை.

இன்ஸ்பெக்டர் கரியப்பன் காபியை உறிஞ்சினார். கொள்ளேகாலத்துக்காரர். மீசை பெரிது, குரல் சின்னது. பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள். சுவரோரம் பிரசாந்த், வியர்வையோடு.

"ஏனுங்க சார், சட்டுன்னு அந்த ரெக்கார்டை எடுத்துக் குடுத்துட்டீங்கன்னா நானும் ஃபைலைக் கட்டிப்போடுவேன்."

"இதோ இன்ஸ்பெக்டர், ரெண்டே நிமிஷம். எல்லாம் புது சர்வர். பூங்குழலி, திறம்மா."

பூங்குழலி லேப்டாப்பை அவர் முன்னால் நகர்த்தினாள். பெரிய திரையிலும் அது தெரிந்தது. பெயர் கட்டத்தில் அவளே டைப் செய்தாள். கர்சரை பாஸ்வேர்ட் கட்டத்துக்கு நகர்த்தினாள்.

"பாஸ்வேர்ட் சார்."

"புதுசா ஏதாவது போட்டியா?"

"இல்ல சார். உங்க பழைய பாஸ்வேர்டே வேலை செய்யும்."

"பரவாயில்லையே."

பூங்குழலி மரியாதையாகத் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றாள். பிரசாந்தும் திரும்பினான்.

ஆனால் இன்ஸ்பெக்டருக்கு அந்த வழக்கம் தெரியாது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தார்.

கிருஷ்ணராஜ் கீபோர்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். வருஷக்கணக்காக எல்லா இடத்திலும் அவர் குத்துகிற அதே பாஸ்வேர்ட். என்டர்.

திறந்தது.

பெரிய திரையில் கொட்டை எழுத்தில்… 'வெல்கம், சீனு.'

பிரசாந்த் தலையை மட்டும் திருப்பித் திரையைப் பார்த்தான்.

கரியப்பன் கப்பைக் கீழே வைத்தார். "சீனுங்கிறது… செத்துப்போன அந்தப் பையன்தானுங்களே?"

"ஏதோ தப்பு நடந்திருக்கு. இவ பேரை மாத்தி அடிச்சுட்டா."

"பேரை அம்மிணி அடிச்சுது, நானும் பாத்தேன். பாஸ்வேர்டை அடிச்சது நீங்க. செத்தவனோட பூட்டை உங்க சாவி எப்படிங்க திறக்குது?"

"இவளே என் பாஸ்வேர்டை அதுல போட்டு வச்சிருப்பா. இவ அவனோட அக்கா, தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமுங்க. மத்தியானமே போன் பண்ணிச் சொல்லிருச்சு."

பூங்குழலி திரும்பினாள். ஆறு மாதமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள் நிதானமாக வந்தன.

"உங்க பாஸ்வேர்ட் என்னன்னு எனக்கு இப்பவும் தெரியாது சார். லாகினை பேக்கப் எடுத்தா பாஸ்வேர்ட் அரைச்ச மாவாத்தான் வரும். நான் பழைய சர்வர்ல இருந்து இருநூத்திப் பதினாலு லாகினையும் அப்படியே புது சர்வர்ல இறக்கினேன். நீங்க கதவைத் திறந்த நேரம் அந்த வேலைதான் முடிஞ்சுது. நீங்க பென் டிரைவை மிதிச்சீங்க, பழைய சர்வரை நசுக்கினீங்க. எல்லாமே இந்த லேப்டாப்புக்கு அந்தப் பக்கம் பத்திரமா இருந்துது."

"பொய். நீ செட் பண்ணினது."

"விபத்துக்கு மறுநாள் புதன்கிழமை பேக்கப்புலயும் அதே மாவு இருக்கு. எழுத்து மாறாம. அன்னைக்கு நான் கௌதள்ளியில என் தம்பிக்குக் கொள்ளி வச்சிட்டிருந்தேன்."

"அந்த ஃபைல் எங்கே?"

"புது சர்வர்ல. லாகினோட சேர்த்து அதையும் இறக்கிட்டேன்."

பிரசாந்த் சுவரை விட்டு நகர்ந்தான். "சார், அன்னைக்கு ஆறு நாப்பதுக்கு என் சீட்ல இவர் மட்டும்தான் இருந்தார். நான் பாத்தேன். எழுதிக் குடுக்கறேன்."

கிருஷ்ணராஜ் எழுந்தார். கஞ்சிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கதவைப் பார்த்தார். கதவை அடைத்துக்கொண்டு கான்ஸ்டபிள் நின்றான்.

"உக்காருங்க சார்," என்றார் கரியப்பன். "ஃபைலைக் கட்டலாம்னு வந்தேன். மறுபடி பிரிக்க வச்சுட்டீங்க. ஃபேக்டரி இன்ஸ்பெக்டரையும் கூப்பிட்டாகணும்."

பூங்குழலி மேஜையருகே வந்தாள். குனிந்து அவர் முகத்துக்கு நேராகப் பார்த்தாள். இந்த ஒரு முகபாவத்துக்காகத்தான் அவள் ஆறு மாதம் உயிரோடு இருந்தாள். முகத்தில் ரத்தம் சுண்டி, உதடு துடித்து, ஒரு பெரிய மனிதர் சின்னவராகச் சுருங்கிக்கொண்டிருந்தார். அவள் அதை அவசரப்படாமல் பார்த்து முடித்தாள்.

"உங்களை ஒப்புக்க வைக்கணும்னு முதல்ல நினைச்சேன் சார். அப்புறம் தோணுச்சு, வாய் எதுக்கு? உங்க விரலே போதும்."

அப்புறம் அங்கேயே நின்று கெம்பம்மாவின் நம்பரைத் தேடி அழுத்தினாள்.

"அக்கா, நான் பூங்குழலி. வைக்காதீங்க, ஒரு நிமிஷம். உங்க வீட்டுக்காரரைக் கொன்னவர் இங்க இருக்கார். வேற ஆளு. இன்ஸ்பெக்டர் கூட இருக்கார், அவர் வாயாலயே கேளுங்க." போனைக் கரியப்பனின் கையில் கொடுத்தாள். அவர் பேசப் பேச, மறுமுனையில் வெடித்த அழுகை அறை முழுக்கக் கேட்டது. கிருஷ்ணராஜுக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

கான்ஸ்டபிள் கிருஷ்ணராஜின் தோளில் கை வைத்து எழுப்பினான். வாசல் வரை போனவர், கடைசி கெத்தைத் திரட்டிக்கொண்டு திரும்பினார்.

"பூங்குழலி… இந்த நிமிஷத்துல இருந்து உனக்கு இங்க வேலை இல்லை."

"சரிங்க சார். ரிலீவிங் லெட்டரை ஸ்டேஷனுக்கே எடுத்துட்டு வர்றேன். விலங்கை ஒரு நிமிஷம் கழட்டச் சொல்லி கையெழுத்துப் போட்டுக் குடுங்க."